திரையில் நெளிந்தது

ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியின் முனையை ஓட்டுநரின் வலது முழங்காலுக்குக் கீழே வைத்தாள் பிசியோதெரபிஸ்ட். நரம்பு அடிபட்டதிலிருந்து அந்தப் பாதம் தொங்கிப்போயிருந்தது. பிரேக்கை மிதிக்கலாம், மிதித்த காலைத் தூக்க முடியாது.

“பஸ்ஸ நிறுத்திடுவேன்மா. அப்புறம் காலை எடுத்துவிடத்தான் ரெண்டு ஆள் வேணும்,” என்றார்.

பக்கத்தில் நின்ற அவருடைய அக்கா சிரிக்கவில்லை. கண் திரையை விட்டு நகரவில்லை. போன வாரம் அதே திரையில் தசையின் சாம்பல் நிற இழைகள் ஒருமுறை நெளிந்தன. பிசியோதெரபிஸ்ட் அதிகம் பேசாத பெண்தான். அன்று பார்த்து வாய் முந்திக்கொண்டது. அசையுது என்று சொல்லிவிட்டாள். அக்கா அங்கிருந்து நேரே பணிமனைக்குப் போய், தம்பி சீக்கிரமே வந்துவிடுவான், அவன் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டாம் என்று மேலாளரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்திருந்தார்.

இன்று அவள் தன் மணிக்கட்டை ஓட்டுநரின் காலிலேயே ஊன்றிக்கொண்டு, பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இழைகள் வரைந்து வைத்தது போலக் கிடந்தன. இன்னொரு முறை. ஒன்றுமில்லை.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். போன வாரம் கையை ஊன்றாமல் அந்தரத்தில் பிடித்திருந்தாள். கருவி துளி சாய்ந்தாலும் படம் நெளியும். முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்த பாடம்.

செல்பேசி அடிக்க, அக்கா வெளியே போனார்.

“அண்ணா, போன வாரம்…” என்று இழுத்தாள்.

“தெரியும்மா. நீங்க ரெண்டு பேரும் டிவியப் பார்த்தீங்க. நான் என் காலைப் பார்த்தேன். ஆடினது உங்க கை.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“அன்னைக்குத்தான் அக்கா நிம்மதியா சாப்பிட்டா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னைக்கும் லேசா ஆட்டிக் காட்டிடுங்க. வீட்டுல நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

அவள் தலையசைத்து மறுத்தாள். தன் வாயால் வந்த தவறு. தன் வாயாலேயே திருத்த வேண்டும். வாக்கியத்தை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டாள்.

அக்கா திரும்பி வந்து அவள் தோளில் கைவைத்தார். மேலாளர்தான் கூப்பிட்டாராம், எந்தத் தேதியில் வருவான் என்று கேட்கிறாராம். என்ன சொல்லட்டும்?

வாயைத் திறந்தாள். ஒழுங்குபடுத்திய வாக்கியம் எங்கோ போய்விட்டது. கருவியைப் பிடித்த கைதான் நடுங்கத் தொடங்கியது. மணிக்கட்டை அழுத்தி ஊன்றினாள்; நிற்கவில்லை. திரையில் இழைகள் நெளிந்தன.

“பாருடா,” என்றார் அக்கா மெதுவாக. “அசையுது.”

அசையாத தன் காலையே பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர், முதல் முறையாகத் தலையை உயர்த்தித் திரையைப் பார்த்தார்.