இடது கன்னத்துக்கு ஒரு சொல்

1998, ஆனி மாதம், வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். பாதி செதுக்கிய யானையின் மேல் சிற்பி தனகோடி. கல்பலகை முன்னால், தாளும் அகராதியுமாக, ஓய்வுபெற்ற தபால் எழுத்தர் ஞானதாஸ். கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி, கவிழ்த்த டின்மேல் தனகோடியின் மனைவி வசந்தா. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

ஆறு மாதமாக இடது கன்னத்தில் வலி. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. இன்னும் பத்து நாளில் மூன்றாவதையும் பிடுங்கப் போகிறார். அதற்குள் சென்னை நரம்பு டாக்டர் கூப்பிட்டாக வேண்டும். எப்படி வலிக்கிறதென்று முதலில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்.

“‘வேதனை’ன்னு போடட்டுமா?” என்றார் ஞானதாஸ். “வடமொழி. மூலத்துல உணர்வுன்னுதான் அர்த்தம்.”

“உணர்வு எனக்கு இன்னாத்துக்கு?”

“‘சூலை’? சூலத்துல குத்துற நோவு.”

“குத்திட்டு நிக்கல அண்ணாத்த. வந்துட்டு ஓடிடுது.”

“‘குடைச்சல்’? குடையறதுலேந்து வந்தது.”

“அது மழைக்கு முழங்கால்ல வர்றது.”

தனகோடி சிரித்தான். “புடவைக் கடைல கூட இவ்ளோ தள்ளமாட்டா. பல்நோவுன்னு எழுதுங்க. ‘கொஞ்சமா நோவுது, வேற ஒண்ணுமில்ல’ன்னுதான் டாக்டராண்ட சொன்னா. நானும் நின்னுகினுதான இருந்தேன்.”

பட்டறையில் சில்லு தெறித்து ரத்தம் வந்தாலும் யாரும் கத்தமாட்டார்கள். கத்தினால் பக்கத்து ஆளின் உளி வழுக்கும். ‘ஒண்ணுமில்ல’ என்று விரலில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த பதினோரு வருஷத்தில் வசந்தாவுக்கும் அது வாயில் ஊறிவிட்டது. டாக்டரிடமும் அதுவே வந்தது. இரண்டு பல் போயிற்று.

“அது உன் பட்டறைப் பேச்சுய்யா,” என்றாள். “அண்ணாத்த, எழுதுங்க. பன்னெண்டு நாளா இந்தப் பக்கம் மூஞ்சி கழுவல. ஒரு முடி பட்டாலும் கரண்ட் கம்பிய உள்ள உட்ட மாதிரி. நாலு எண்றதுக்குள்ள போயிடும். அப்புறம் சிரிச்சுகினு தோசை சுடுவேன். அதான் யாரும் நம்பல.”

“ஒரு நாளைக்கு எத்தினி தடவ வருது?” என்றார் ஞானதாஸ்.

“முப்பது. நேத்து நாப்பத்தொண்ணு.”

தனகோடி யானையை விட்டு இறங்கினான். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நடிக்கிறன்னுவ.”

தனகோடி உளியைக் கீழே வைத்தான். ஞானதாஸ் அகராதியை மூடிவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எண் போட்டு எழுதினார்.

“கடைசியா ஒண்ணு போடுங்க,” என்றான் தனகோடி. “இவ நடிக்கிறான்னு நெனச்சது நான்னு.”

“அது டாக்டருக்கு எதுக்குப்பா?”

“போடுங்க.”

வசந்தா கையெழுத்துப் போட்டாள். ஞானதாஸ் உறையில் பசை தடவி அழுத்தினார். பகல் தபால் கட்டு கிளம்பிவிடப் போகிறதே என்று, மேலெல்லாம் கல்தூளோடு தனகோடி சைக்கிளைத் தபாலாபீசுக்கு மிதித்தான்.