அடிபடாத வண்டி

வலது மட்கார்டின் மேல் ஜெபசீலன் பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்தார். நூறு மைக்ரானுக்குச் சற்றுக் கீழே காட்டியது. ஒரு சாண் தள்ளி வைத்தார். ஏறக்குறைய அதே எண். விளக்கைச் சுற்றி, பானட்டின் விளிம்பில், சக்கரத்துக்கு மேலே வளையும் இடத்தில் என்று எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. டிங்கரிங் பார்த்து, பட்டி பூசி, மறுபடி அடித்த பெயிண்டாக இருந்தால் எண் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறிவிடும்.

டார்ச் அடித்து உள்பக்கம் பார்த்தார். வெல்டிங் புள்ளிகள் கலையாமல் இருந்தன. கதவு இடுக்கில் கம்பெனிக்காரன் அவசரத்தில் விட்ட ஒரு பெயிண்ட் வழிசல். அதற்குக் கீழே, துடைத்த துணியின் நூலிழை ஒன்று பச்சைப் பெயிண்டுக்குள் அகப்பட்டு உறைந்திருந்தது. இப்படி ஒன்றைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று!

ஜெபசீலன் கீழ்க்கட்டளைக்காரர். பெயிண்ட் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எது கம்பெனிப் பெயிண்ட், எது பின்னால் அடித்தது, இருப்பதை எப்படிக் கெடாமல் காப்பது என்று சொல்வதுதான் இப்போது அவர் வேலை. அஸ்தினாபுரத்து வீட்டுக்கு அவரை அனுப்பியது காலேப். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பெரிய ஷெட் போட்டுப் பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர்.

“ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் சார். அறுபதுகள்ல இங்கிலாந்துல செஞ்சது. பெயிண்ட் ஒரிஜினல்னா நான் எடுத்துக்கறேன். அடிபட்டு மாத்தினதுன்னா வேணாம்” என்று சொல்லியிருந்தார்.

கார் நின்ற இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. வண்டி நுழைகிற வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு மட்டும். கூரை முழுக்க ஒட்டடை தொங்கியது. காரின் மேல் ஒரு இழை இல்லை, தூசி இல்லை.

வீட்டுக்கார அம்மாவின் மகள் ஆஃபியா டீ கொண்டுவந்தாள். ஜெபசீலன் சந்தோஷத்தை மறைக்காமல் சொன்னார்.

“கம்பெனிய விட்டு வந்த நாள்ல இருந்து இதுல யாரும் கை வைக்கலம்மா. ஒரு தடவ கூட அடிபடல.”

ஆஃபியா வாசல் பக்கம் திரும்பினாள். அவளுடைய அம்மா மெஹர் பானு கதவுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார்.

“அடிபடலையா?”

“இல்லம்மா.”

“அப்போ என் தம்பி எதுல செத்தான்?”

கூடத்தில் உட்கார வைத்து மெஹர் பானு சொன்னார். இறந்துபோன அவர் கணவர் அக்தர் குரோம்பேட்டையில் மோட்டார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்தார். நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் அந்தக் காரை வாங்கினார். எண்பத்து மூன்றில் மெஹர் பானுவின் தம்பி அயூப் அதை ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டு போனான். ஊரப்பாக்கத்தைக் கடக்கும்போது எதிரே வந்த லாரி அடித்தது.

“நானே பார்த்தேன் தம்பி. வலது பக்கம் அப்பளமா நொறுங்கிக் கிடந்துச்சு. ஸ்டியரிங் சீட்டு வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள இருந்துதான் அவனை எடுத்தாங்க.”

ஆஃபியா ஒரு போட்டோவைக் காட்டினாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எடுத்தது. அதே நம்பர் பலகை. அதற்குப் பின்னால் இருந்ததைக் கார் என்று சொல்ல முடியாது.

வேறொரு காரை வாங்கி இந்த நம்பரைப் போட்டிருக்கலாமே என்று ஜெபசீலன் மெதுவாகக் கேட்டார்.

“எப்படிப்பா? கயிறு கட்டி இழுத்துட்டு வந்து உள்ள தள்ளின வாரமே இவ அத்தா சுவர் வெச்சுட்டாங்க. இனிமே இது ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னு. இன்னி வரைக்கும் அந்தச் சுவர இடிக்கல.” மெஹர் பானு குரலைத் தாழ்த்தினார். “கொஞ்ச மாசம் கழிச்சு, ‘மெஹரு, பானட்டு நிமிர்ந்திருக்கு’ன்னாங்க. துக்கத்துல பேசுறாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் கண்ணாடி வந்துடுச்சுன்னாங்க. ஒரு நாள் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்க. ஷோரூம்ல நிக்கிற மாதிரி நின்னுச்சு. அதுக்கப்புறம் நான் உள்ள கால் வைக்கல.”

“அத்தா கடைசி வரைக்கும் மாமா சாகலன்னுதான் சார் சொல்லிட்டிருந்தாரு” என்றாள் ஆஃபியா. “‘வண்டியே முழுசா இருக்கு, மச்சானுக்கு என்ன ஆகும்?’னு கேப்பாரு. சாயங்காலம் ரெண்டு கிளாஸ் டீ எடுத்துட்டு உள்ள போவாரு. பேச்சுச் சத்தம் கேக்கும்.”

“ரெண்டு கிளாஸும் காலியாத்தான் வரும்” என்றார் மெஹர் பானு.

கிளம்புவதற்கு முன் ஜெபசீலன் தனியாகக் கொட்டகைக்குள் போனார். தொழிலில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தார். பம்பருக்குக் கீழே, கண்ணில் படாத மடிப்பில், பிளேடால் ஒரு கீறல் போட்டார். தகரம் தெரிந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் போய்க் குனிந்து பார்த்தபோது கீறல் இல்லை. விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. மீட்டரை வைத்தார். நேற்று காட்டிய அதே எண்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எவ்வளவு பத்திரமாக வைத்த பெயிண்டும் அறுபது வருடத்தில் சுருங்கும், மங்கும், மயிரிழை போல வெடிக்கும். இதில் அந்த மூப்பே இல்லை. நூலிழையைப் பார்த்த பரவசத்தில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தார். இந்தப் பெயிண்டுக்கு ஒரு நாள் கூட வயதாகவில்லை. அவர் மெல்லப் பின்வாங்கி, காருக்கு முதுகைக் காட்டாமல் வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி ஹில்டாவிடம் கீறலின் படத்தைக் காட்டி, அது மறைந்துபோனதைச் சொன்னார்.

“வேற இடத்தப் பாத்திருப்பீங்க” என்றாள் அவள்.

“அந்தக் கார்ல நான் பாக்காத இடமே இல்ல ஹில்டா.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, “அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க. பாவம், தான் பார்த்ததைத் தானே நம்ப முடியாம இத்தன வருஷம் இருந்திருக்காங்க” என்றாள்.

ஜெபசீலன் போய்ச் சொன்னார். “நீங்க பார்த்தது நிஜந்தாம்மா. அந்தக் கார் அடிபட்டதுதான்.”

மெஹர் பானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை வரவில்லை. “அவன் பேருல பாத்திஹா ஓதணும்னா அவங்க சண்டைக்கு வருவாங்க. உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குன்னு. ஒரு தடவ கூட நான் வாய்விட்டு அழல தம்பி. அதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

காலேப்பிடமும் எதையும் மறைக்கவில்லை. அவர் சிரித்தார். “பெயிண்ட் ஒரிஜினல்தானே சார்? போதும்.”

சுவரை இடித்தார்கள். காலையிலேயே கார் ஏற்றுகிற பிளாட்பெட் லாரி வந்தது. பச்சைக் கார் வெயிலுக்கு வந்தபோது தெருவில் போனவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். நாலு சக்கரத்தையும் பெல்ட் போட்டு இறுக்கினார்கள். காலேப் லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் ஆஃபியா தன் காரை ஓட்ட, ஜெபசீலன் பக்கத்தில் உட்கார்ந்தார். வர மாட்டேன் என்றிருந்த மெஹர் பானு கடைசி நிமிடத்தில் பின் சீட்டில் ஏறினார்.

பெருங்களத்தூரில் நெரிசல். வண்டலூர் தாண்டியதும் நெரிசல் குறைந்தது. ஊரப்பாக்கத்தைக் கடக்கும்போது மெஹர் பானு முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கதான். இங்க ஒரு கிணறு இருந்துச்சு.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, சத்தம் கேட்டது. இரும்பு இரும்போடு மோதி, கண்ணாடி சிதறும் சத்தம். அவர்கள் கண்முன்னாலேயே லாரியின் மேல் நின்ற கார் ஒரு தடவை குலுங்கியது. லாரிக்கு முன்னால் சாலை காலியாக இருந்தது.

டிரைவர் ஓரம் கட்டிவிட்டுக் குதித்தான். “சத்தியமா நான் பிரேக்கே போடல சார். ஒண்ணும் இடிக்கல. பெல்ட்டு கட்டினது கட்டினபடி கீது, பாருங்க!”

பெல்ட்டுகள் அப்படியே இருந்தன. காரின் வலது முன்பக்கம் உள்ளே போயிருந்தது. பானட் கூரை போல மடிந்திருந்தது. ஸ்டியரிங் சீட்டின் மேல் சாய்ந்திருந்தது. போட்டோவில் இருந்தது போலவே.

ஜெபசீலன் லாரியின் மேல் ஏறினார். மடிப்புக்குள் துரு பிடித்திருந்தது. இன்று பிடித்த துரு இல்லை, தொட்டால் செதில் செதிலாக உதிரும் பழைய துரு. நொறுங்கிய விளக்குக் குழிக்குள் காய்ந்த குளவிக்கூடு. சீட்டின் மேல் கனமாகத் தூசி, ஒட்டடை. துரு படாத இடங்களில் பச்சைப் பெயிண்ட் மங்கி, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது.

மெஹர் பானு இறங்கி வந்தார். ஆஃபியா பிடிக்கப் போனாள். அவர் கையை உதறிவிட்டார். லாரியை ஒட்டி நின்று கையை உயர்த்தி, நசுங்கிய கதவைத் தொட்டார்.

“அயூபு” என்றார். பிறகு ஓங்கி அழுதார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் இப்போதுதான் விபத்து நடந்தது என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார்.

காலேப் லாரியிலிருந்து இறங்கி வந்தார். “இப்ப இதை என்ன சார் பண்றது? திருப்பி அனுப்பிடலாமா? இல்ல, டிங்கரிங்குக்கு விடவா?”

“ஒரு சுத்தியல் கூடப் படக் கூடாது” என்றார் ஜெபசீலன். “துரு பரவாம மெழுகு மட்டும் பூசலாம். இப்படியே நிக்கட்டும்.”

காலேப் அப்படியே செய்தார். ஷெட்டின் கடைசி மூலையில் கார் நிற்கிறது. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாவிட்டாலும் சில நாள் அங்கே பெட்ரோல் வாசம் அடிப்பதாக வேலையாட்கள் சொல்கிறார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

ரம்ஜான் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மெஹர் பானு போனார். ஜெபசீலனும் போயிருந்தார். காலேப் ஒரு நாற்காலி போட்டார். அந்த அம்மா காரைப் பார்த்தபடி உட்கார்ந்து, கேட்காமலே பேச ஆரம்பித்தார். அயூப்புக்கு இடது கைப் பழக்கம். சாப்பாட்டில் முருங்கைக்காய் இருந்தால் அன்று வீட்டில் சண்டைதான். சானடோரியம் ஸ்டேஷனில் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து ஒரு தடவை பல் உடைந்தது. அக்காவின் கல்யாணப் போட்டோவில் அவன் வாயை மூடிக்கொண்டே நிற்பான். “சிரிச்சா நல்லா இருப்பான்” என்றார்.

காலேப் டீ வரவழைத்தார். அதை மறந்துவிட்டு மெஹர் பானு பேசிக்கொண்டே இருந்தார்.