அரசிக்கு வந்த மாலை

அரசியை மடத்துக்கு அனுப்பிவைப்பதாகத்தான் பாட்டெழுதி ஆட்டம் பழக்குகிற மரியரட்ணம் அண்ணாவியார் கூத்தை முடித்திருந்தார். அரசியாக ஆடுகிறவள் நான், பேர்ணடெற். போகமாட்டேன் என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டேன்.

கதை இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்நூறு வருசத்துக்கு முந்தி நடந்தது. ராசாவுக்கு அரசி அலுத்துப்போனாள். அரண்மனையிலேயே வேறொருத்தியைக் கண்டுவிட்டான். திருச்சபையில் விவாகரத்து கிடையாது. அதனால், இருபது வருசம் குடும்பம் நடத்தியவன், அந்தக் கலியாணமே செல்லாது என்று தீர்ப்புத் தரும்படி பாப்பரசரிடம் ஆள்விட்டான். பாப்பரசருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. ராசாவையும் பகைக்க முடியாது, அரசியின் அக்கா மகனான சக்கரவர்த்தியையும் பகைக்க முடியாது. ரோமாபுரியிலிருந்து ஒரு கர்தினாலைத் தூது அனுப்பினார். அவர் வந்து அரசிக்குச் சொன்ன புத்தி இதுதான்: நீயாகவே கன்னியர் மடத்துக்குப் போய்விடு மகளே, எல்லோருக்கும் நல்லது.

எல்லோருக்கும் என்றால் யார் யாருக்கு? அரசி முடியாது என்றாள். சரித்திரம் அப்படித்தான். அண்ணாவியார்தான் கடைசிப் பாட்டில் அவளுக்குக் கன்னியாஸ்திரி முக்காடு போட்டுவிட்டார்.

"கோயில் கூத்து சமாதானத்திலை முடியவேணும், பிள்ளை."

"உது உங்கட சமாதானம், அண்ணாவி. அவளின்ரை இல்லை. முக்காடு வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ."

வேறு ஆள் எங்கே? ஊரில் என்றால் பெண் வேஷமும் ஆண்களுக்குத்தான். ரொறன்ரோவில் அவர்களுக்கு இரண்டு வேலை, மீசை வழிக்கவும் மனமில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில் மத்தளச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் நான். குரலும் இருந்தது, கோபமும் இருந்தது. அண்ணாவியார் முணுமுணுத்தபடி அந்தக் கடைசிப் பாட்டை வெட்டினார்.

கர்தினால் வேஷம் கிறிஸ்துநாயகம் அண்ணைக்கு. என்னைக் கட்டி, பிறகு விட்டுப்போன கிளிபோட்டின் அக்காவைக் கட்டியவர் அவர். மேடையில் ஒரு தூது போதாதென்று வீட்டுக்கும் ஒரு தூது வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கையில் கேக் பெட்டியோடு.

"கிளிபோட்டுக்கு, இப்ப பழகுற அந்தப் பிறம்ரன் பொம்பிளைப் பிள்ளையைக் கோயில்லை கட்டவேணும், தங்கச்சி. கோட்டிலை எடுத்த டிவோஸைக் கோயில் ஏற்காதாம். உங்கட கலியாணம் செல்லாதெண்டு மேற்றிராசனத்து ஆயரின்ரை கோட்டிலை தீர்ப்பு வரவேணும். நீயும் ஓமெண்டு எழுதிக் குடுத்தால் கெதியாய் முடிஞ்சிடும்."

"என்னத்தை எழுத?"

"வீட்டாக்களின்ரை கட்டாயத்திலைதான் ரண்டுபேரும் கட்டினதெண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டாயமாம்! ஊரில், பாசையூரில், எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு வந்தால் மட்டும் கிளிபோட்டின் சைக்கிளுக்குச் செயின் கழன்றுவிடும். இரண்டு வருசமாகக் கழன்றது. என் அப்பு கலியாணத்துக்கு ஓமென்று தலையாட்டிய அன்று அவன் நடுச்சந்தியில் நின்று வெடி கொளுத்தினான்.

"டிவோஸ் கேட்டவர், குடுத்தனான். அவர் ஆரோடையும் நல்லாயிருக்கட்டும். ஆனால் நான் கட்டவேயில்லையெண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

"உன்ரை நன்மைக்கும் பிள்ளை ஷரோனின்ரை நன்மைக்கும்தான் சொல்லுறன்."

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழவேண்டாம், அண்ணை. தீர்ப்பு எப்பிடி வந்தாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையெண்டு பங்குச் சுவாமி சொன்னவர். இது என்ரை கதை. கேக்கையும் கொண்டு போங்கோ."

கிளிபோட் எனக்கு வேண்டாம். வந்து காலில் விழுந்தாலும் வேண்டாம். ஆனால் அவன் இங்கே வந்து சேர்ந்த பிறகு, ஊரில் ஷெல்லடிக்குள் ஷரோனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவன் மனைவி. அவன் தாயின் கண்ணை மூடிவிட்டவள் அவன் மனைவி. அதையெல்லாம் செய்தவள் யாரோ ஒருத்தி என்று எழுதித்தர என்னால் முடியாது.

நவம்பரில், கோயில் மண்டபத்தில் கூத்து. அதற்குள் இங்குள்ள ஊர்ச்சனம் முழுக்க ஒரு கதை உலாவிவிட்டது: பேர்ணடெற் ஓமென்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம், கிளிபோட்டோடு சமாதானமாம். யார் அவிழ்த்துவிட்ட கதை என்று நான் கேட்கத் தேவையில்லை.

எங்கள் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கிறபோதே சொந்தக்காரர் மாலையோடு மேடைக்கு வருவார்கள். மத்தளம் நிற்கும். வந்தவர் பெயர், ஆடுகிறவருக்கு அவர் என்ன முறை என்பதை அண்ணாவியார் மைக்கில் சொல்வார். அதற்குப் பிறகுதான் மாலை விழும். ராசாவாக இருந்தாலும் கழுத்தைக் குனிந்து வாங்கவேண்டும்.

கர்தினால் என்னிடம் வருகிற காட்சிக்குச் சற்று முன்னால் கிளிபோட் மேடையில் ஏறினான். சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும், கையில் கார்னேஷன் மாலையும். முன்வரிசையில் பங்குச் சுவாமி; வழக்குத் தாள்கள் அவர் கைவழியாகத்தான் மேற்றிராசனத்துக்குப் போகும். அவர் பார்த்திருக்க நான் கழுத்தைக் குனிந்தால் ஊர்க்கதை மெய்யாகிவிடும். அதற்குப் பிறகு நான் மறுத்தால் வீம்புக்காரி நான்தான். ரோமாபுரித் தூதருக்கே தோன்றாத தந்திரம்.

அண்ணாவியார் பழக்கதோஷத்தில் தொடங்கினார். "அரசியாருக்கு மாலை அணிவிக்க வருகிறார், பிறம்ரனிலிருந்து, திரு கிளிபோட்..." அங்கே தடக்குப்பட்டு நின்றார். "என்ன முறையெண்டு சொல்ல?"

சிவப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி கிறிஸ்துநாயகம் அண்ணை ஓடிவந்தார். "தெரிஞ்சவர் எண்டு சொல்லுங்கோ."

அண்ணாவியாருக்கு மூக்கு விடைத்தது. "தெரிஞ்சவை கூத்து முடியப் போடட்டும். ஆட்டத்துக்கு நடுவிலை வந்தால் முறை சொல்லவேணும். என்ரை தகப்பன் காலத்திலையிருந்து அப்பிடித்தான்."

"ஷரோனின்ரை அப்பா," என்றான் கிளிபோட்.

"ஷரோன் ஆடேல்லை," என்றேன். மைக் என் குரலையும் பிடித்துக்கொண்டது. "ஆடுறது நான். எனக்கு நீர் என்ன முறை?"

அவனை நான் ஒருநாளும் நீர் என்று சொன்னதில்லை, நீங்கள்தான். கிளிபோட் சுவாமியைப் பார்த்தான், பக்கத்தில் அத்தானைத் தேடினான். கர்தினால் திரைக்குப் பின்னால் போய்விட்டார். கொண்டுவந்த மாலையோடு மேடையைவிட்டு இறங்கியவன் எங்கள் ஊரில் கிடையாது. இறங்கினால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். அவன் மாலையைத் தூக்கினான். நான் குனியவில்லை. கிரீடத்தோடு அவனைவிட நான் ஒரு சாண் உயரம்.

"புருசன்," என்றான்.

"பின்னுக்குக் கேக்கேல்லை!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

அண்ணாவியார் மைக்கை அவன் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.

"நான் இவவின்ரை புருசன்."

அப்போதுதான் கழுத்தைக் குனிந்தேன். மாலை விழுந்தது. நிமிர்ந்து, சுவாமிக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இனிப் போம், கிளிபோட். அவளைக் கட்டும், நல்லாயிரும். ஆனால் நீர் இப்ப சொன்னதை இனிப் பாப்பரசர் வந்தாலும் அழிக்கேலாது."