கேக்கின் கீழ்வரி

ஜூன் பிறந்தால் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. எங்கள் ஏரிக்கரை ஊரில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் விருந்துக்கெல்லாம் கேக்கில் எழுதுவது நான்தான். சூப்பர் மார்க்கெட் பேக்கரியில் வேலை. மேலே பிள்ளையின் பெயர், கீழே சேரப்போகும் கல்லூரியின் பெயர், அந்தக் கல்லூரிக்குரிய நிறத்தில். கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளின் அம்மாக்களும் வருவார்கள். "கீழ சும்மா வாழ்த்துகள்னு போட்டுடேன் சைமா" என்பார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும், ஏதோ மூலத்துக்கு மருந்து கேட்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை என்ன, திருடவா போகிறது?

என் அக்கா மார்லீன் கடையே அதிர ஆர்டர் கொடுத்தாள். "மேல ஐலி. கீழ யூனிவர்சிட்டி பேரு முழுசா வரணும். சுருக்கினே, பாத்துக்கோ!"

அக்கா முதியோர் இல்லத்தில் தரை துடைப்பவள். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகள் ஐலிக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்த அன்றே பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பலகையை வீட்டு முன்னால் புல்லில் நட்டுவிட்டாள்.

மறுநாள் ஐலியே வந்து நின்றாள்.

"சித்தி, கீழ ஒண்ணும் எழுதாத."

"ஏண்டி, உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

"நான் காலேஜ் போகலை. கரெண்ட் கம்பெனியில பயிற்சிக்கு எடுத்துட்டாங்க. கம்பம் ஏறுற வேலை."

ஐசிங் பையைக் கீழே வைத்துவிட்டேன். "பைத்தியமாடி உனக்கு? கணக்குல ஸ்கூல்லயே முதலா வந்துட்டு, கம்பத்துல போய் உக்காரப் போறியா?"

"ஜனவரியில பனிப்புயல்ல கரெண்ட் போச்சே, எங்க தெருக் கம்பத்துல ஏறினது ஒரு பொண்ணு சித்தி. அவ இறங்குறதுக்குள்ள வீடு வீடா லைட் வந்துச்சு. தெருவே கத்துச்சு. காலேஜையும் போய்ப் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா போனா அம்மாவுக்காகத்தான் போவேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"எத்தனை தடவை! காதுலயே வாங்க மாட்டேங்கிறா. 'கேக் வரட்டும், அதைப் பாத்தா மனசு மாறிடும்'ங்கிறா."

சிரித்துவிட்டேன். அக்காவேதான். ஆனால் இந்தப் பெண் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பதினெட்டு வயதில் எனக்கு இந்தத் தெளிவு ஏது? கீழ்வரியைக் காலியாக விட்டேன்.

விருந்தன்று அவர்கள் கார் ஷெட் முழுக்க ஆள். அக்கா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேக் பெட்டியைத் திறந்தாள். முகம் மாறியது.

"சைமா, கீழ எழுத மறந்துட்டியா?"

"நான்தாம்மா எழுத வேணாம்னேன்" என்றாள் ஐலி. "நான் வரலைன்னு காலேஜுக்குச் சொல்லிட்டேன். திங்கட்கிழமை லைன் வேலைப் பயிற்சி ஆரம்பம்."

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஹெய்க்கினன், கையில் இறைச்சி உருண்டைத் தட்டோடு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"லைன்மேனா? அதுலயே மேன்னு இருக்கேம்மா!"

"பேருலதான் சார் இருக்கு. கம்பத்துல இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்துட்டா?"

"இடுப்புல பெல்ட் போட்டுத்தாம்மா ஏறுவோம்."

"பயமா இல்லையாடி?"

"இருக்கு. இதைச் சொல்றதுக்குத்தான் அதைவிடப் பயமா இருந்துச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஐசிங் பை கார்ல இருக்கா?"

"இருக்குக்கா."

"எடுத்துட்டு வா. கீழ எழுது."

"வாழ்த்துகள்னா?"

"வாழ்த்தும் வேணாம், கீழ்த்தும் வேணாம். லைன்வுமன்னு எழுது. பெரிய எழுத்துல!"

அக்காவின் குரல் துளிகூட இறங்கவில்லை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஐசிங் பையை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் குனிந்து எழுதினேன். கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. அந்தத் துண்டைத்தான் அக்கா எனக்கென்று வெட்டி வைத்தாள்.