நுரையில்லாத இடம்

கண்டிப் பக்கம் கெலிஓயாவில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஜவாஹிர், கடற்கரை ஹோட்டலுக்கு வந்த நேரத்திலிருந்து கடலுக்கும் தாமே முதலாளி போல நடந்துகொண்டார். வரவேற்பில் நீட்டிய செவ்விளநீரைக் குடித்துவிட்டு, கண்டியில் இதைவிட நல்லது கிடைக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். கொடுத்த அறை அவர் கடையைவிடப் பெரிதாக இருந்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மனைவி மஸீனாவுக்குக் கடலைப் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்று படுத்துக்கிடந்து மூச்சு விடுவதுபோல் இருந்தது அது. மணலில் ஒரு சிவப்புக் கொடி படபடத்தது.

"அது என்னத்துக்கு ஈக்குது?"

"பெரிய ஹோட்டல்ண்டா கொடியும் ஈக்கும். பெரஹரா ஊர்வலத்துக்குக் கண்டியில கட்டல்லயா?"

மகள் இல்மா தண்ணீரில் இறங்கத் துடித்தாள். ஜவாஹிர் இடுப்பில் கை வைத்துக் கடலை அளந்தார். மகாவலியில் நீந்தி வளர்ந்தவர். ஆற்றில் நுரை எழும்பும் இடத்தில் பாறை ஒளிந்திருக்கும். நுரையில்லாத இடத்தில்தான் இறங்க வேண்டும். இங்கும் இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாகப் பொங்கியது. நடுவில் மட்டும் ஒரு பாதை போல, கரும்பச்சையாக, சாதுவாகக் கிடந்தது.

"மகள், அந்த நடுவுல எறங்குங்க. வாப்பாக்குத் தண்ணிட கொணம் தெரியும்."

"இங்க பாருங்க, இது ஆறில்ல" என்றாள் மஸீனா.

"தண்ணி தண்ணிதான். நீங்க ரூமுக்குப் பெய்த்து தேத்தண்ணி குடிங்க."

இல்மா ஓடினாள். கரையில் கழற்றிவிட்ட செருப்பு ஒன்றைச் சிற்றலை தூக்கிக்கொண்டது. அலைகளெல்லாம் கரைக்கு வந்துகொண்டிருந்தன. செருப்பு மட்டும் வெளியே போனது. அவசரமே இல்லாமல், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல. மஸீனா கண் எடுக்கவில்லை. செருப்பு இல்மாவை எட்டவே இல்லை. அவளும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

ஜவாஹிர் கலகெதரயில் இருக்கும் மச்சான் ஃபாஸிலுக்கு வீடியோ கோலில் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபைவ் ஸ்டார் மச்சான்! இந்தா, மகள் கை காட்றா பாருங்க!"

"கை காட்டல்ல! கூப்பிர்றா!"

மஸீனாவின் அலறலில் போன் மணலில் விழுந்தது. உட்காரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹோட்டல்காரர் இருவர் மிதவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னே ஜவாஹிர் தண்ணீருக்குள் பாய்ந்தார், முழங்காலளவில் நின்றுவிட்டார். நுரையில்லை, அலையில்லை. காலடி மணல் மட்டும் கடலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது.

மணலில் கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து ஃபாஸிலின் குரல் வந்தது.

"மச்சான், மகளக் காணல்லயே. காட்டுங்க!"