இரண்டு காலும் ஒரே நிறம்

உடம்புச் சூட்டை நிறமாகக் காட்டும் இந்தக் கேமராவை என் தலையில் கட்டியவர்களுக்கு ஏற்காட்டுக் குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடிபட்ட தசை சூடாக இருக்கும், படத்தில் சிவப்பாகத் தெரியும், வலிக்கிறது என்று பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்று ஏசி அறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சிவந்திருந்தால் ஓட விடக் கூடாது. இவ்வளவுதான் வித்தை.

ஏற்காட்டில் நடக்கும் ஓட்டப் பயிற்சி முகாமில் நான் பிசியோதெரபிஸ்ட். காலையில் பிள்ளைகள் மஞ்சக்குட்டையிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் ஷேர் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து வந்தவனுக்கு என்ஜின் சூட்டில் ஒரு கால் மட்டும் தக்காளி மாதிரி சிவந்திருக்கும். அடுப்படியில் காலை நீட்டிக் குளிர் காய்ந்துவிட்டு வந்தவளுக்கு இரண்டுமே சிவப்பு. சூடு ஆறும்வரை கால் மணி நேரம் வெறுங்காலோடு உட்காருங்கள் என்றால், குளுருதுங்க மேடம் என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். முதலில் உங்க கேமராவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போடுங்க என்று கோச் தேவசிகாமணி சார் கிண்டல் செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிவசக்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கொட்டச்சேட்டுப் பெண். எண்ணூறு மீட்டரில் அவளைப் பிடிக்க இந்த மலையில் ஆளில்லை. சேலத்தில் நடக்கும் தேர்வுப் போட்டியில் முதலாவதாக வந்தால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பும் சேர்த்து. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். தேர்வு நெருங்கும் நேரத்தில் அவளுடைய வலது பின்தொடை படத்தில் சிவந்தது.

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றாள். துருவிக் கேட்டதில், லேசாகப் பிடித்திருந்தது, அம்மா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துத் தைலம் தேய்த்ததில் போய்விட்டது என்றாள். தினமும் காலையில் கிளம்பும் முன் கொடுக்கிறார்களாம். சிவப்பு காயத்தாலா ஒத்தடத்தாலா என்று நான் எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

அவள் அம்மா தனலட்சுமியை வரச் சொன்னேன். காபி எஸ்டேட் வேலையிலிருந்து நேராக வந்தார். படத்தைக் காட்டினேன். இந்தக் கால் சூடு, அந்தக் கால் சூடு இல்லை, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஓட விடுவேன், ஒத்தடத்தை நிறுத்துங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் ஆகட்டுங்க, ஆகட்டுங்க என்று தலையாட்டினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு எடுத்த படங்களில் இரண்டு காலும் ஒரே நிறம். கொஞ்சம் சூடாகத்தான் இருந்தன. அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள், யார்தான் உட்காரவில்லை என்று விட்டுவிட்டேன். தைல வாசனையும் முகாமில் எல்லோரிடமும் உள்ளதுதான். தொடையை அழுத்திப் பார்த்தேன். முகம் சுளிக்கவில்லை. ஓடலாம் என்று கோச்சிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் கிண்டல் செய்யவில்லை.

சேலம் மைதானத்தில் கடைசி வளைவு வரை அவள்தான் முன்னால். திடீரென்று வலது தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள், விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள்.

ஐஸ் கட்டியை வைத்து அழுத்தும்போதே தெரிந்தது, தசை கிழிந்திருக்கிறது. இது இன்றைக்கு வந்ததல்ல. ஓடி வந்த தனலட்சுமியிடம் எரிந்து விழுந்தேன். ஒத்தடம் கொடுக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன்.

"ஏனுங்க மேடம், ரெண்டு காலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஓட உடுவேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். "ஒத்தடத்த நிறுத்துனா புள்ளைக்கு நடக்கவே முடியலீங்க. அதான் ரெண்டு காலுக்கும் ஒரே சூட்டுல கொடுத்து அனுப்புனனுங்க. ஒரு நா கூட ஏறக்கொறய உடலீங்க."

அந்தக் கேமராவைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அழுகைதான் வந்தது.

சிவசக்தி அவள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய்ச் சந்தோஷத்தில் குதிக்கிற பெண்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை நாளில் முதல்முறையாகச் சொன்னாள்.

"வலிக்குதுங்க மேடம். நொம்ப நாளாவே வலிக்குதுங்க."