நாலு வயரும் நாலு நூலும்

பழைய இரும்பு எடுக்கிற செபமாலை லொறியைப் படலைக்கு நேரே நிறுத்திவிட்டு, இறங்கும்போதே சங்கிலியையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். செல்வநாயகி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் பொனற்றுக்குள் இடுப்புவரை குனிந்து நின்றாள்.

"மச்சாள், சொன்ன சொல்லு சொன்னதுதானே?" என்றான் புருசனின் தம்பி சுதாகரன். "இண்டைக்கு ஸ்ரார்ட் வராட்டிச் செபமாலை கட்டி இழுத்துக்கொண்டு போவான். வெங்காயம் கிண்டத் தொடங்கியாச்சு. அதைப் போட்டு வைக்க எனக்கு இந்தக் கொட்டில் வேணும்."

"ஓம். ஸ்ரார்ட் வந்தால் வாயை மூடிக்கொண்டு வேறை கொட்டில் போடு."

அவளுக்குச் சொட்டுச் சந்தேகமும் இல்லை. உரும்பிராய்ச் செம்மண்ணில் லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பிடித்து உழுத கை. மரக்கறியை மருதனார்மடம் சந்தைக்கு ஏற்ற வருகிற கூலி வாகனக்காரன் தான் நினைத்த நேரம்தான் வருவான். அதற்குள் கீரை தலை சாய்ந்துவிடும், நல்ல வியாபாரமும் முடிந்துவிடும். சொந்தமாக ஒரு வாகனம் ஓடவேண்டும். அது கொட்டிலுக்குள்ளேயே நின்றது.

கண்டி வீதியை யுத்தத்தில் பூட்டின வருசம் நிறுத்தின கார். அடுத்த வருசம் புருசன் நெஞ்சுவலியில் போனார். அதன்பிறகு காரின்மேல் உரப்பைதான் ஏறியது.

ஒரு வாரமாக அவளுக்கு இதே வேலைதான். பிளக் ஓட்டைகளுக்குள் ஒயில் விட்டு ஊறவைத்தாள். முன்பக்கத்தால் கம்பி கொடுத்து, பிடித்துக்கிடந்த எஞ்சினைக் கையாலேயே சுற்றி இளக்கினாள். பெற்றோல் ராங்கியைக் கழற்றிக் கல்லுப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தாள். பிறேக் பார்த்தாயிற்று, ரியூப், பற்றரி எல்லாம் புதிது. இதற்கெல்லாம் முதல், பிளக் வயர் நாலையும் கழற்றுமுன், இடம் மாறிவிடக்கூடாது என்று, ஒவ்வொரு வயருக்கும் அதன் பிளக்குக்கும் ஒரே நிறத்தில் நூல் கட்டியிருந்தாள். துடைத்து, இருந்தது இருந்தபடி பூட்டினாள்.

இப்போது சீற்றில் ஏறியிருந்து திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது. காபரேட்டரால் 'பட்' என்று ஒரு வெடி. மறுபடி திருப்பினாள். மறுபடியும் வெடி.

"கார் இருமுது, மச்சாள். மல்லி அவிச்சுப் பனங்கட்டியோடை குடுங்கோ," என்று சுதாகரன் சிரித்தான்.

செபமாலை குனிந்து முன் பம்பரில் சங்கிலியைக் கொழுவப் போனான்.

"கையை எடு, செபமாலை! செத்த வீட்டிலையும் தேவாரம் முடியத்தான் தூக்குறது."

இறங்கிப்போய்ப் பார்த்தாள். பெற்றோல் வருகிறது. நெருப்பும் வருகிறது. வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். கண் வயர்களில் நின்றது. கிட்டவிருந்த பிளக்குக்கு நீள வயர் வளைந்து தொங்கியது. தூரத்துப் பிளக்குக்குப் போன கட்டை வயர் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. பூட்டும்போதே கண்டவள்தான். பழசு, சுருங்கிவிட்டது என்று இழுத்துப் பூட்டியிருந்தாள்.

வயரும் சுருங்குமோ? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுதா, உன்ரை அண்ணரின்ரை கள்ளப்புத்தியைப் பார்! அந்தச் சண்டை நேரம் ஆர் வந்து வாகனத்தைத் தா எண்டு நிப்பினமோ எண்டு, தண்ணி இறைக்கிற மிசினிலை ஒரு நட்டைக் கழட்டி மடிக்குள்ளை வச்சுக்கொண்டு திரிஞ்ச மனுசன். காரைச் சும்மா விட்டிருக்குமே? வேணுமெண்டே வயரை மாத்திப் போட்டிருக்கு. கேட்டு வந்தவைக்குத் திறப்பையும் குடுத்து, நீங்களே எடுத்துப் பாருங்கோ எண்டு சொல்லலாமெல்லோ."

"உங்களுக்குமோ சொல்லேல்லை?"

"சொன்னால் நான் வேலிக்கு வேலி கதைச்சுப்போடுவன் எண்ட பயம். நானும் விசரி, அந்தாள் சொன்ன பொய்யை நூல் கட்டிக் காப்பாத்தி வச்சிருக்கிறன்."

நூல்களை அறுத்தெறிந்தாள். முன் வயரைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் கொண்டுபோனாள். நடுவில் நின்ற இரண்டையும் தங்களுக்குள் மாற்றினாள். எந்த வயரும் தொங்கவில்லை, எதுவும் விறைக்கவில்லை.

திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் ஒருமுறை திணறி, பிடித்துக்கொண்டது. ஊறவைத்த ஒயிலெல்லாம் வெள்ளைப் புகையாகக் கொட்டிலை நிறைத்தது. சுதாகரன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவள் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை. புகை மெலிந்து சத்தம் சீராகும்வரை மிதித்தாள்.

செபமாலை கண்ணாடிப் பக்கம் வந்து குனிந்தான். "அக்கா, வந்ததுக்குப் பழைய பற்றரியையாவது..."

"அதை எடுத்துக்கொண்டு, முதலிலை உன்ரை லொறியைத் தள்ளி விடு. படலையை மறிச்சுக்கொண்டு நிக்குது. நான் வெளியாலை வரவேணும்."

அவன் ஓடினான். அவள் கிளச்சை மிதித்து முதலாம் கியரைப் போட்டாள்.